கரையில் நின்றவளின் பங்கு

ஊதியப் பேச்சுவார்த்தை என்றால் மேசையைத் தட்டிக் கத்துவது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருமுறை வந்து உட்கார்ந்து பார்த்தால் தெரியும், பெரும்பாலான நேரம் எதிர்த்தரப்பு ஃபோன் பேசி முடிப்பதற்காகக் காத்திருப்பதுதான் வேலை. எங்கள் தொழிற்சாலையில் தரைக்குப் பதிக்கும் டைல்ஸ் செய்கிறோம். நெடுங்காடு போகிற வழியில், வயலை மேடாக்கிக் கட்டிய நீளமான கொட்டகைகள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய ஒப்பந்தம் முடியும், சங்கமும் நிர்வாகமும் உட்கார்ந்து புதிதாக ஒன்று போடுவார்கள். சங்கத்தின் சார்பில் பேசும் குழுவில் நான் அடுத்தடுத்து இரண்டு முறை இருந்தேன். நான் சூளைப் பிரிவு. அதிகம் பேச மாட்டேன், ஆனால் முறைப்பேன் என்று பெயர்.

சங்கத்தில் கொடி ஒன்றுதான், ஆட்கள் இரண்டு வகை. ஒரு பாதி எங்கள் நெடுங்காட்டுப் பக்கம், வயல்காரர்கள். வாய்க்காலில் தண்ணீர் வருமா வராதா என்று அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவர்கள். மாதம் பிறந்தால் இவ்வளவு என்று தெரிந்தால்தான் எங்களுக்குத் தூக்கம் வரும். மறு பாதி காரைக்கால்மேட்டுக்காரர்கள், கடல் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்குச் சம்பளம் என்ற சொல்லே கொஞ்சம் அந்நியம். படகு கரைக்கு வந்ததும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவை எல்லாம் கழித்துவிட்டு மிச்சத்தைப் படகுக்காரரும் ஆட்களும் பங்கு போட்டுக்கொள்வார்கள். நிறைய மீன் பட்டால் நிறைய, இல்லாவிட்டால் இல்லை. அதில் அவர்களுக்குப் பதற்றமே கிடையாது.

குழுவில் இருந்த ஒரே பெண் காரைக்கால்மேட்டுக்காரர். பேக்கிங்கில் வேலை. சூளையிலிருந்து வரும் டைல்ஸைத் தரம் பிரித்து அட்டைப்பெட்டியில் அடுக்கும் பிரிவு அது. வீட்டுக்காரர் விசைப்படகில் ஆளாகப் போகிறவர். இவருக்கு மீன் ஏலத்தில் பழகிய குரல், மைக் தேவைப்படாது. என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர், ஆனாலும் நான் அக்கா என்பேன், அவர் தம்பி என்பார். எங்களுக்குள் ஒத்துப்போன விஷயங்கள் குறைவு.

அந்த முதல் ஒப்பந்தத்தில் நிர்வாகம் இரண்டு வழி வைத்தது. ஒன்று, எல்லோருக்கும் நிலையான ஊதிய உயர்வு. இன்னொன்று, உயர்வு கொஞ்சம்தான், ஆனால் மாத உற்பத்தி ஒரு அளவைத் தாண்டினால் அதில் ஒரு பகுதி தொழிலாளர்களுக்கு ஊக்கத்தொகையாகப் பிரித்துத் தரப்படும். எனக்கு இரண்டாவதைக் கேட்டதுமே பிடிக்கவில்லை. அக்காவுக்குக் கேட்டதுமே பிடித்துவிட்டது.

"நெறயா பட்டா நெறயா வாங்குறோம். படலன்னா கொறச்சலா வாங்குறோம். இதுல என்ன தம்பி பயம்?"

"பயமே அதுதாங்க்கா. படலன்னா என்ன பண்றது?"

"மறுநா போறது."

குழுவில் கை தூக்கிப் பார்த்தார்கள். பங்குதான் ஜெயித்தது. வயல்காரர்கள் இரண்டு பேர் அந்தப் பக்கம் கை தூக்கியிருந்தார்கள், அவர்களோடு சில நாள் நான் பேசவில்லை. அன்றைக்கு வந்த டீயைக்கூடக் குடிக்காமல் வைத்தேன். யாரும் கவனிக்கவில்லை, அதுதான் எரிச்சல்.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது. தொழிலாளர் துறை அலுவலகத்தில் வைத்து அதிகாரி ஒவ்வொரு பிரிவாகத் தமிழில் சொன்னார். ஊக்கத்தொகை, வேலைக்கு வந்த நாட்களைப் பொறுத்துப் பிரிக்கப்படும் என்று ஓரிடத்தில் வந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. அடிக்கடி மட்டம் போடுகிறவர்களுக்கு வைத்த ஆப்பு என்று எங்கள் பக்கத்து ஆட்கள் நினைத்தோம். அக்கா நினைத்ததும் அதுதான். வராமல் ஊர் சுற்றுகிறவனுக்குப் படகிலும் பங்கு கிடையாது. ஆனால் வேலையில் அடிபட்டுப் படுத்தவன் ஊர் சுற்றுகிறவன் இல்லை. இழுவைக் கயிற்றில் கை மாட்டி ஒருவன் கரையில் கிடந்தால், அடுத்த முறை படகு வந்ததும் அவன் பங்கை எடுத்து வைப்பார்கள். அக்காவின் வீட்டுக்காரர் போகும் படகில் அதுதான் வழக்கம். அதை யாரும் வாயால் சொல்வதில்லை, எழுதுவதும் இல்லை. அதனால் இங்கேயும் அதைத் தனியாகக் கேட்க வேண்டும் என்று அக்காவுக்குத் தோன்றவில்லை. "சோறு போடுறவங்கள்ட்ட, கொழம்புல உப்பு போட்டிருக்கீங்களான்னு யாராச்சும் கேப்பாங்களா?" என்று பின்னால் ஒரு நாள் என்னிடம் சொன்னார். கையெழுத்துப் போட்டுவிட்டு எல்லோரும் கிளம்பினோம்.

முதல் வருடம் உற்பத்தி நன்றாக ஓடியது. ஊக்கத்தொகை நிலையான உயர்வைவிட அதிகமாகவே வந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சம்பளம் வரும் நாளில் சாப்பாட்டுக் கூடத்தில் அக்கா வேண்டுமென்றே என் எதிரில் வந்து உட்காருவார்.

"நெடுங்காட்டுத் தம்பிக்கு இப்பத் தூக்கம் வருதா?"

"வருதுக்கா. ஒரு கண்ணத் தொறந்துக்கிட்டுத் தூங்குறேன்."

மறு வருடம், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத தடைக்காலத்தில் அது நடந்தது. பேக்கிங்கில் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி பின்னோக்கி வரும்போது அடுக்கின் மேல் இடித்தது. டைல்ஸ் பெட்டிகள் சரிந்தன. சரிகிறதைப் பிடிக்கப் போவது எல்லோருக்கும் வருகிற புத்திதான், அக்காவும் கையை நீட்டினார். வலது மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு, நாங்கள் சொல்கிறவரை ஒரு செம்பைக்கூடத் தூக்காதீர்கள் என்று அனுப்பினார்கள்.

காப்பீட்டில் சம்பளத்தின் ஒரு பகுதி வந்தது. ஊக்கத்தொகை ஒரு பைசா வரவில்லை. வேலைக்கு வந்த நாட்கள் பூஜ்யம், ஆகவே பங்கும் பூஜ்யம். படகு கரையில் நின்றதால் வீட்டுக்காரருக்கும் வருமானம் இல்லை. கட்டுப் போட்ட கையோடு அக்கா தொழிற்சாலைக்கு வந்து, மனிதவளப் பிரிவில் போய் நின்று, "எம் பங்கு எங்க சார்?" என்று கேட்டார். அங்கே இருந்தவர் சென்னைக்காரர், மரியாதையான ஆள்தான். நாற்காலி போட்டு உட்கார வைத்து அந்தப் பிரிவைப் படித்துக் காட்டினார். குழுவும் போய்ப் பேசியது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது நடுவில் மாற்ற முடியாது, அடுத்த பேச்சுவார்த்தையில் பார்க்கலாம் என்றார்கள். சட்டப்படி அவர்கள் சொன்னது சரி. வெளியே வந்ததும் நான் வாசல் இரும்புக் கதவை உதைத்தேன், எனக்குத்தான் வலித்தது.

சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் பேச்சு ஓடியது. கடல்காரர்கள் மட்டும் இல்லை, வயல்காரர்களும் தங்கள் ஊக்கத்தொகையிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் போட்டோம். ஃபோனில் அனுப்பினால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார் என்று தெரியும். அதனால் நானும் இன்னொருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரைக்கால்மேட்டுக்கு நேரில் போனோம். வீட்டு வாசலில் வீட்டுக்காரர் வலையைக் காலில் மாட்டிக்கொண்டு கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா உள்ளேயிருந்து வந்து நாங்கள் நீட்டிய கவரைப் பார்த்தார்.

"என்னது இது?"

"ஒங்க பங்குக்கா."

"எங்கேருந்து வந்துச்சு?"

"எல்லாரும் சேந்து எடுத்து வெச்சோம்."

"கம்பெனி?"

நான் வலையைப் பார்த்தேன்.

"அப்ப இது பங்கு இல்ல தம்பி. அடிபட்டவன் பங்க மொத்தத்துலேருந்து மொதல்ல எடுத்து வெப்பாங்க. அதுக்கப்புறந்தான் படகுக்காரருக்கு, ஆளுங்களுக்கு. அப்ப படகுக்காரருக்கும் கொறையும், எல்லாருக்கும் கொறையும். இங்க ஒங்களுக்கு மட்டுந்தான் கொறஞ்சிருக்கு. கம்பெனிக்கு ஒண்ணுமே கொறையல. இத நான் வாங்குனா, இதுதான் வழக்கம்னு ஆயிடும். எடுத்துட்டுப் போங்க."

"அக்கா, வீம்பு பண்ணாதீங்க. வீட்ட யோசிங்க."

"வீட்டப் பத்தி எனக்குத் தெரியாதா?"

வீட்டுக்காரர் வலையிலிருந்து நிமிர்ந்து, "சொன்னா கேக்காதுங்க. டீயாச்சும் குடிச்சிட்டுப் போங்க" என்றார். குடித்துவிட்டு வந்தோம். வண்டியில் வரும் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். வீம்பு என்றுதான் அன்று நினைத்தேன், இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன். மீதிப் பாதிதான் என்னைத் தொந்தரவு செய்தது.

அடுத்து அவர் செய்தது எனக்குப் பொறுக்கவில்லை. டாக்டரிடம் போய் வலியே இல்லை என்று சொல்லி, கட்டைச் சீக்கிரம் பிரித்துக்கொண்டு, வேலைக்கு வந்துவிட்டார். வந்த நாட்கள் இருந்தால்தானே பங்கு. பெட்டிகளைத் தூக்கினார். தூக்கும்போது உதட்டைக் கடித்துக்கொள்வதை நான் பார்த்தேன், எல்லோரும் பார்த்தோம். எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. விரல்கள் பாதிக்கு மேல் மடங்கவில்லை. ஆபரேஷன் செய்தால் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார்கள். அவர் செய்துகொள்ளவில்லை. பிறகு அவரை லேபிள் ஒட்டும் இடத்துக்கு மாற்றினார்கள். யாரைப் பிடித்துக் கேட்பது என்று தெரியாத கோபத்தை நான் வீட்டுச் சாப்பாட்டில் காட்டி, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஒப்பந்தக் காலம் முடிந்தது. புதிய குழுவிலும் அக்கா இருந்தார், நானும் இருந்தேன். கோரிக்கைகளில் முதலாவதாக இதை வைத்தோம்: வேலையில் அடிபட்டு வர முடியாதவரின் பங்கை மொத்தத்திலிருந்து முதலில் எடுத்து வைக்க வேண்டும், பிரிப்பதெல்லாம் அதற்குப் பிறகு. சங்கக் கூட்டத்தில் எங்கள் பக்கத்து ஆட்கள் சிலர் முணுமுணுத்தார்கள். இதைக் கேட்டால் ஊதிய உயர்வில் கை வைப்பார்கள், கடல்காரர்கள் வழக்கத்துக்கு நாம் ஏன் கொடுக்க வேண்டும் என்றார்கள். நான் எழுந்தேன். பேசிப் பழக்கம் இல்லை. "ஃபோர்க்லிஃப்ட்டுக்கு யார் எந்த ஊர்னு தெரியாது" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். முறைத்தேன் என்றும் சொல்கிறார்கள்.

பேச்சு இழுத்தது. தொழிற்சாலையில் முடியாமல் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போனது, அங்கேயும் தள்ளித் தள்ளிப் போனது. கடைசியில் ஒரு நாள் நிர்வாகம் இறங்கி வந்தது. அந்தப் பிரிவைச் சேர்த்துக்கொள்ளத் தயார், நாங்கள் கேட்டபடியே மொத்தத்திலிருந்து. ஆனால் கையெழுத்தாகும் நாளிலிருந்துதான் செல்லும். அதற்கு முன் நடந்த எதற்கும் சங்கம் இனி உரிமை கோராது என்று சேர்த்து எழுதித் தர வேண்டும்.

அதற்கு முன் நடந்தது என்று பொதுவாகத்தான் சொன்னார்கள். அப்படி நடந்தது ஒருவருக்குத்தான், அவர் அந்த மேசையிலேயே உட்கார்ந்திருந்தார். குழுவில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. கொஞ்சம் நேரம் கேட்டுக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தோம். வெளியே நிலக்கரி லாரி ஒன்று கீழவாஞ்சூர் துறைமுகப் பக்கமிருந்து வந்து திரும்ப இடமில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"கையெழுத்துப் போட வேணாங்க்கா" என்றேன். "எந்திரிச்சுப் போயிடுவோம். ஒங்களுக்கு ஒண்ணுமே இல்லயே இதுல."

"எனக்கு வேணுந்தான். வேணாம்னு நான் எப்பச் சொன்னேன்?" குரல் ஏலத்துக் குரலாக இல்லை. "ராத்திரியில கை வலிக்கிறப்பல்லாம் அந்தக் காச நெனச்சுக்கிறேன். ஆனா இன்னிக்கி எந்திரிச்சுப் போயி, நாளைக்கி ஒருத்தனுக்கு அடிபட்டுச்சுன்னா, அவனும் கட்டப் பிரிச்சிட்டு ஓடியாந்து நிப்பான். அதப் பாத்துக்கிட்டு நான் லேபிள் ஒட்டிக்கிட்டு இருக்கணுமா? வா தம்பி, முடிச்சிட்டுப் போவோம்."

நான் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டேன். லாரிக்காரனைத் திட்டினேன்.

உள்ளே வந்தோம். எல்லோரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். அக்காவின் முறை வந்ததும் பேனாவை இடது கையில் வாங்கிக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி மெதுவாக எழுதினார். அதிகாரி கோப்பிலிருந்த பழைய கையெழுத்தோடு வைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் ஒத்துப்போகலயேம்மா."

"எடது கையில போட்டேன் சார்."

"ஏம்மா, சோத்துக் கையில போடுங்க."

அக்கா வலது கையைத் தூக்கி மேசை மேல் வைத்தார். விரல்கள் பாதி மடங்கினபடி அப்படியே நின்றன. எதிரில் நிர்வாகத்தின் பக்கம் இருந்த மனிதவளப் பிரிவுச் சென்னைக்காரர் தன் ஃபோனைப் பார்க்க ஆரம்பித்தார்.

"அது போன ஒப்பந்தத்தோட போயிடுச்சு சார். இதுக்கு இந்தக் கைதான் இருக்கு."

அதிகாரி பழைய கோப்பை மூடினார். பிறகு அந்தக் கையெழுத்துக்குப் பக்கத்தில், இடது கையால் இட்டது என்று எழுதி, தெரிந்தவர் ஒருவர் சாட்சி போட வேண்டும் என்றார். நான் போட்டேன்.