மேத்ஸ் டீச்சர் எடுத்த ஹிஸ்டரி பீரியட்

யோகராணி டீச்சர் இன்று காலை இறந்துவிட்டார். ஹார்ட் அட்டாக். இன்னும் நம்ப முடியவில்லை...

சங்கரன்கோவிலில் எங்கள் பள்ளியில் ப்ளஸ் டூவுக்கு மேத்ஸ் எடுத்தவர். நான் ஹிஸ்டரி. இலங்கைப் போரில் படகேறித் தப்பி வந்தவர். கடைசிவரை முகாம் வீட்டில்தான் இருந்தார்.

ஒருநாள் என் வகுப்பில் உள்நாட்டுப் போர் பற்றிப் பேச்சு. பையன்கள் துப்பாக்கிப் பெயர்களைச் சொல்லி ஒரே உற்சாகம். டீச்சரிடம் போனேன். "நீங்க வந்து சொன்னாத்தான் இவனுகளுக்குப் புரியும்." ரொம்பத் தயங்கித்தான் வந்தார்.

"குண்டு போடும்போது நீங்க எங்கன இருந்திய டீச்சர்?" என்றான் ஒருவன்.

எங்களோடு எங்கள் ஊர்ப் பேச்சே பேசிப் பழகியவர். அன்று அவருடைய சொந்தப் பேச்சு வந்துவிட்டது.

"பங்கருக்குள்ள. பக்கத்து வீட்டு அக்காவும் அவவின்ர மகனும் கூட இருந்தவை. தண்ணி தண்ணி எண்டு பிள்ளை அழுதவன். என்னட்ட ஒரு போத்தல் இருந்தது. இல்லையெண்டு சொல்லிப்போட்டன்."

"ஒங்க பிள்ளைக்கு வச்சிருந்தியளா டீச்சர்?" முதல் பெஞ்ச் செல்வி. தப்பிக்க ஒரு வழி கொடுப்பது போல...

"எனக்குப் பிள்ளையள் இல்லை. எனக்குத்தான் வச்சிருந்தனான்."

"பொறவு அந்தப் பையன்?"

"தெரியாது. விடிய எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் ஓடினம்."

அழவில்லை. தரையைப் பார்த்தபடி நின்றார். அழுகைக் கதையை எதிர்பார்த்துக் கூட்டி வந்த எனக்கு, எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

மறுநாள் பெல் அடித்தும் டீச்சர் வகுப்புக்குள் போகவில்லை. வராந்தாவிலேயே நின்றார். "எந்த முகத்தோட சார் உள்ள போறது?"

செல்விதான் வெளியே வந்தாள். "டீச்சர், இன்டக்ரேஷன் பாதியில நிக்கு. வாங்க."

போனார்.

ரிட்டயர் ஆன அன்று என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டார். "நான் செத்தா நல்ல மனுசி எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ சார். அந்தப் பொடியனையும் எழுதுங்கோ. அவன்ர பேர் நிமலன்."

எழுதிவிட்டேன் டீச்சர்.

செல்வி இப்போது மதுரையில் நர்ஸ். சற்றுமுன் போன் செய்தாள். "பஸ் ஏறிட்டேன் சார். நான் வாரதுக்குள்ள எடுத்துராதீங்க."

முகாமில் சொல்லிவிட்டேன். காத்திருப்பார்கள்.

உங்கள் பிள்ளைகள் வந்துகொண்டிருக்கிறார்கள், டீச்சர்.