மூடுபனியில் வாங்கிய கூலி

தளிப் பக்கம் மார்கழிக் காலையில் அருகில் நிற்பவர் முகமே தெரியாது. அங்கே ஒரு பாலிஹவுஸில் ரோஜா வெட்டும் கூலி வேலைக்குப் போவேன். ஒருநாள் குளிர் தாங்காமல் வீட்டுக்காரருடைய ஜெர்கினையும் குல்லாவையும் மாட்டிக்கொண்டு போயிருந்தேன். பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே பனி புகைபோல மிதந்தது. ஆணா பெண்ணா என்று தெரியாத உருவங்கள் செடிகளுக்கு நடுவே நகர்ந்தன. கத்தரிச் சத்தம் மட்டும் எங்கிருந்தோ கேட்டுக்கொண்டே இருந்தது. கனவுக்குள் வேலை செய்வது போலிருந்தது எனக்கு.

பனி விலகும் முன்பே வெட்டி முடித்தோம். புதிதாக வந்த மேஸ்திரி கூலி கொடுத்தார். என் கையில் நூறு ரூபாய் அதிகம்! அது ஆண்களின் கூலி. அதே வேலைக்குப் பெண்களுக்கு நூறு குறைவு. பேசாமல் போயிருக்கலாம். பிறகு தெரிந்தால் ஏமாற்றுக்காரி என்று நிறுத்திவிடுவார்களே என்று பயம். குல்லாவைக் கழற்றினேன்.

"அண்ணா, நான் பொம்பளைங்க."

"அய்யோ, ஆம்பளன்னு நெனச்சு குடுத்துட்டேன். நூறைத் திருப்பிக் குடும்மா."

நூறை நீட்டப் போன என் கை நின்றது. பக்கெட்டுகளில் எல்லாரும் வெட்டிய ரோஜாக்கள் கலந்து கிடந்தன.

"இதுல பொம்பளை வெட்டின பூவ மட்டும் தனியா எடுத்து வைங்கண்ணா, குடுத்துடறேன்" என்றேன். எப்படித்தான் வாய் வந்ததோ!

அவர் ஒரு பூவை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பக்கெட்டிலேயே போட்டார். கூலி வாங்கிப் போன பெண்கள் என் குரல் கேட்டு ஒவ்வொருவராகப் பனிக்குள்ளிருந்து திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றார்கள். பிறகு அவர் நூறைக் கேட்கவில்லை. மற்றப் பெண்களுக்கும் அந்தக் கூலி வரச் சில வாரம் இழுத்தது, ஆனால் வந்தது.

இப்போது எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் "பொம்பளைக்கு என்ன கூலி?" என்று நான் கேட்பதில்லை. குல்லாவைக் கழற்றிவிட்டு, "பூ வெட்ட என்ன கூலி?" என்றுதான் கேட்கிறேன்.