உள்ளே தள்ளாதே

இது நிஜமாக நடந்தது. அதுவும் ராத்திரியில் இல்லை. ராத்திரி என்றால் தூக்கக் கலக்கம், கெட்ட கனவு என்று எதையாவது சொல்லி மழுப்பிவிடலாம். நடந்தது பட்டப்பகலில், போன அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை. மூன்று நாற்பத்திரண்டுக்கு ஆரம்பித்து மூன்று ஐம்பத்தொன்றுக்கு முடிந்துவிட்டது. இடம், அடையாறில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி.

அக்பர் பாஷா பொய்யே சொல்லாதவர் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஒரே ஒரு பொய் சொன்னார். எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது.

பைலட் ஆகப் போகிற பிள்ளைகளுக்கு அந்த மாடியில் அவர் பாடம் நடத்துகிறார். பறக்கச் சொல்லித் தருவதில்லை. எழுத்துத் தேர்வுக்கான பாடம் மட்டும். பாஸானதும் பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் பறக்கும் பள்ளியில் சேர்ந்துவிடுவார்கள். அவருடைய மேஜைமேல் பழைய விமானக் கார்புரேட்டர் ஒன்று உண்டு, இஞ்சினுக்குப் போகும் பெட்ரோலைக் காற்றோடு கலக்கிற உறுப்பு. உள்ளே இருப்பது தெரியட்டும் என்று பாதியாக அறுத்து வைத்தது. பெட்ரோல் பட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

போன வருஷம் ஜூனில் அதை வைத்துத்தான் பாடம் எடுத்தார். காற்று அதன் குறுகலான கழுத்துக்குள் நுழைந்தால் வேகமெடுக்கும். வேகமெடுத்த காற்று பெட்ரோலை உறிஞ்சும். பெட்ரோல் ஆவியாகும்போது கழுத்து குளிரும். ஊசி போடும் முன் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தால் ஜில்லென்று இருக்கிறதே, அதே கதைதான். காற்றில் ஈரம் இருந்தால் அங்கே பனிக்கட்டி கட்டிவிடும். வெளியே சென்னை வெயில் கொளுத்தினாலும் கட்டும். தொண்டை அடைத்த மாதிரி இஞ்சின் திணறும். அப்போது விமானிக்கு முன்னால் இருக்கிற ஒரு நாப்பை, அதாவது குமிழை, வெளியே இழுக்க வேண்டும். சூடான காற்று வந்து பனியை உருக்கும்.

பட்டினப்பாக்கம் செபஸ்தியானின் மகள் ஜாஸ்மின் அந்த வகுப்பில் இருந்தாள். அப்பாவின் மீன்பிடி போட்டிலேயே வளர்ந்தவள். "எங்க போட்ல மோட்டார் இருமுனா சோக்கு நாப்ப உள்ள தள்ளிடுவோம் சார்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்பர் பாஷா பதில் சொல்ல வாயைத் திறந்தார். கரண்ட் போய்விட்டது. வேர்த்துக் கொட்டியது. "மீதி அடுத்த கிளாஸ்ல," என்று அனுப்பிவிட்டார்.

அடுத்த வகுப்பில் மறந்துபோய் வேறு பாடத்தை ஆரம்பித்தார்.

அந்த மீதி பெரிதாக ஒன்றுமில்லை. நாப்பை இழுத்ததும் இஞ்சின் உடனே சரியாகாது. உருகிய தண்ணீர் உள்ளே போவதால் முதலில் இன்னும் மோசமாக இருமும். தப்பு செய்துவிட்டோம் என்று பயந்து நாப்பைத் திரும்ப உள்ளே தள்ளக் கூடாது. இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த வருஷம் ஜூலையில் ராகேஷ் விமானத்தோடு விழுந்து செத்தான். அதே வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்கிற வாட்டசாட்டமான பையன். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சரோஜாதேவிக்கு ஒரே பிள்ளை. தனியாகப் பறந்த நான்காவது நாள். இழுத்துவிட்டேன், இன்னும் மோசமாகிறது என்று ரேடியோவில் சொல்லியிருக்கிறான். விழுந்த இடத்தில் பனிக்கட்டி எதுவும் மிச்சமில்லை. நாப் உள்ளே தள்ளிக் கிடந்தது.

சரோஜாதேவி போன் செய்தார். "சார், தள்ளக் கூடாதுன்னு நீங்க சொல்லிக் குடுத்தீங்கல்லா?"

"சொல்லிக் கொடுத்தேம்மா."

அதுதான் அந்தப் பொய். அவ்வளவு சொல்லியும் பிள்ளை கவனிக்கவில்லை என்று அந்தத் தாய் நம்பிவிட்டார். அன்றிலிருந்து அக்பர் பாஷாவுக்கு எதுவும் உறைக்கவில்லை. சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தார். அதுவும் வரவில்லை. மனசு மரக்கட்டையாகக் கிடந்தது.

ஜாஸ்மின் வேறொரு ஊரில் பயிற்சியில் இருந்தாள். அந்த அக்டோபர் வாரம்தான் தனியாகப் பறக்கத் தொடங்குகிறாள் என்று அவருக்குத் தெரியும். அந்த ஒரு வரியை அவளுக்குச் சொல்லியாக வேண்டும். ஆனால் சொன்னால் முன்பு சொல்லவில்லை என்று ஆகிவிடும். மூன்று முறை அவளுடைய நம்பரை எடுத்தார். மூன்று முறையும் போனைக் கவிழ்த்து வைத்தார்.

வியாழக்கிழமை. நான்கு மணிக்கு வகுப்பு. இன்னும் யாரும் வரவில்லை. துணியால் கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மூன்று நாற்பத்திரண்டு. கரண்ட் போனது. ஃபேன் சுற்றிச் சுற்றி நின்றது. மழைக்கு முந்தின புழுக்கம். சட்டை முதுகில் ஒட்டியது.

ஆனால் விரல் மட்டும் ஜில்லென்றது.

மூன்று நாற்பத்து நான்கு. கார்புரேட்டரின் கழுத்துக்குள் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. தூசி என்று நினைத்து நகத்தால் சுரண்டினார்.

பனிக்கட்டி.

கையை எடுக்கப் பார்த்தார். விரல் உலோகத்தோடு ஒட்டிக்கொண்டது... வலிக்கவில்லை. விரல் இருப்பதே தெரியவில்லை. பெட்ரோல் வாசனை வந்தது. புத்தம் புதுப் பெட்ரோல்.

மூன்று நாற்பத்தாறு. உள்ளே இருக்கிற சின்னத் தகடு தானாக அசைந்தது.

டக்...

டக்...

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. கிர்ர்ர்...

"அப்புறம் சார்?"

யாருடைய குரல் என்று தெரிந்தது. ஆனால் திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. அவருக்குப் பயம்கூட வரவில்லை.

"ராகேஷ்?"

நாற்காலி மறுபடி நகர்ந்தது. இப்போது முன் வரிசையில்...

"அப்புறம் சார்?"

"இழுக்கணும்ப்பா..."

"இழுத்தாச்சு. இருமுது."

மேஜைமேல் அந்த அறுத்த இரும்பு இருமியது. ஒரு முறை. இரண்டு முறை. மேஜையே குலுங்கியது.

"இருமும்," என்றார். குரல் உடைந்தது. "இருமும்ப்பா. உள்ள தள்ளாத."

டக். டக். டக்.

"நான் சொல்லல. உங்க யாருக்கும் சொல்லல. தப்பு என்னுது. தள்ளாத... பிடிச்சுக்கோ..."

இருமல்.

"பிடிச்சுக்கோ..."

இருமல்.

"விடாத..."

நின்றது.

ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. மூன்று ஐம்பத்தொன்று. விரல் தானாக விடுபட்டது. மேஜைமேல் ஒரு டம்ளர் அளவுக்குத் தண்ணீர் தேங்கி, விளிம்பில் சொட்டிக்கொண்டிருந்தது.

உடனே ஜாஸ்மினைக் கூப்பிட்டார். போன் அணைந்திருந்தது. மறுபடி, மறுபடி கூப்பிட்டார். நான்கு மணிக்கு வந்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவிட்டு, போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஆறு இருபதுக்கு அவளே கூப்பிட்டாள்.

"சார், இன்னிக்கு செத்துப் பொயச்சேன் சார்."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"தனியா பறந்துக்கினு இருந்தேன். இஞ்சின் தெணறுச்சு. நாப்ப இழுத்தேன். இன்னும் மோசமா இருமுச்சு. போட் ஞாபகத்துல உள்ள தள்ளப் போனேன் சார்... தள்ள முடில. யாரோ என் கை மேல கை வெச்சு இழுத்துப் பிடிச்சிக்கினு இருந்த மாரி. ஐஸ் மாரி இருந்துது அந்தக் கை. கொஞ்ச நேரத்துல இஞ்சின் கிளியர் ஆயிடுச்சு."

"எத்தனை மணிம்மா?"

"மூணு அம்பது இருக்கும் சார். என் வெரலு இன்னும் மரத்துப் போய்தான் கீது."

போனில் நோட்டுப் பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது.

"சார்... உள்ள தள்ளக் கூடாதுன்னு நீங்க எங்களுக்கு சொல்லவே இல்லல்ல? நோட்டுல பாத்தேன். இல்ல."

"இல்லம்மா," என்றார் அக்பர் பாஷா. "சொல்லல."

மறுநாள் காலை கடை திறக்கிற நேரத்துக்கு தி.நகர் போனார். சரோஜாதேவி புடவை மடித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கரண்ட் போனது, மறந்தது, போனில் சொன்ன பொய், எதையும் விடவில்லை. அந்த அம்மாள் திட்டவில்லை. மடித்த புடவையைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"அப்போ எம் புள்ள மேல தப்பு இல்லல்லா?"

"இல்லம்மா. என் மேலதான்."

"சரி, போங்க."

பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. ஜூலைக்குப் பிறகு முதல் முறை. போவோர் வருவோரெல்லாம் பார்த்தார்கள். அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

இதோடு முடிந்தது என்றுதான் அவர் நினைத்தார். கிறிஸ்துமஸுக்கு ஜாஸ்மின் ஊருக்கு வந்தாள். கேக் கொடுக்க மாடிக்கு ஏறி வந்தவள், போகும்போது வாசலில் நின்றாள்.

"சார், ஒண்ணு நான் யார்கிட்டயும் சொல்லல. தனியா போறப்ப பக்கத்து சீட்டு காலியா கீதில்ல? அந்த பெல்ட்டு ஆடி எதுலயாவது மாட்டிக்கும்னு, அத நாமளே சீட்டோட ஒட்ட இறுக்கிப் பூட்டிட்டுதான் கெளம்பணும். அன்னிக்கும் பூட்டினேன். இன்ஸ்ட்ரக்டரும் இழுத்துப் பாத்தாரு."

"சரி."

"எறங்குனப்புறம் பாக்கறேன். பூட்டு பூட்டியேதான் கீது சார். ஆனா பெல்ட்டு தளந்து போயிருந்துது. உள்ள யாரோ ஒக்காந்தவங்களுக்காக வுட்ட மாரி."

எவ்வளவு என்று அவர் கேட்டார்.

ஜாஸ்மின் இரண்டு கையையும் வளைத்துக் காட்டினாள். நல்ல வாட்டசாட்டமான ஒரு பையனின் இடுப்பளவு இருந்தது.