முதலில் வந்த பெயர்

அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குச் சாதம் பரிமாறிக்கொண்டிருந்தேன். கரண்டி நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தால் வலது கை சொன்னபடி கேட்கவில்லை. உதவியாளரைக் கூப்பிட வாயைத் திறந்தேன், உளறல்தான் வந்தது. பாகூரில் என் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. அந்த வாய்க்கா இந்தக் கதி!

பக்கவாதம் என்றார் டாக்டரம்மா. கூடவே அஃபேசியா (சொல் மனத்தில் இருந்தும் வாய்க்கு வராத நிலை). மறுநாள் சோதிக்க வந்தவர், "உங்க வீட்டுக்காரர் பேர் சொல்லுங்க" என்றார். வாயை இறுக மூடிக்கொண்டேன். 'இயலவில்லை' என்று எழுதிக்கொண்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

பக்கத்தில் நின்ற என் கணவர், "நல்லா இருந்தப்பவே சொல்ல மாட்டா மேடம். கல்யாணம் ஆன நாளா 'இன்னாங்க'தான்" என்றார்.

டாக்டரம்மா சிரித்துவிட்டு, "சரி, பொண்ணு பேரு?" என்றார்.

செல்வி. எதிரிலேயே நின்றாள். நாளெல்லாம் கத்திக் கூப்பிட்ட பெயர். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவள் வெளியே போய் அழுதாள். அப்போதுதான் நான் உண்மையிலேயே பயந்தேன்.

சில மாதங்களில் கை ஓரளவு தேறியது. பேச்சு வரவில்லை. எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் ஜெசி என்ற சமூகப் பணியாளர் சனிக்கிழமைதோறும் சேர்ந்து பாடும் குழு நடத்துகிறார். என்னைப் போன்றவர்களும் வீட்டாரும் வட்டமாக உட்காருவோம். பேச்சு தடைப்பட்டாலும் பாட்டு வேறு வழியாக வரலாம் என்றார். பேசவே வராதவள் பாடுவதா, என்ன கூத்து என்று முறைத்தேன். ஆனாலும் போனேன்.

எல்லோரும் கைதட்டி, "வந்தாச்சு வந்தாச்சு, யாரு வந்தாச்சு?" என்று பாடுவோம். அவரவர் இடப்பக்கம் இருப்பவரின் பெயரைச் சொல்லிப் பதில் பாட வேண்டும். என் இடப்பக்கம் என் கணவர். நான்கு வாரம் என் முறையில் வெறும் கைதட்டல்தான். ஐந்தாம் வாரம், தாளம் ஓடிய வேகத்தில் வாய் தானாகத் திறந்தது.

"முருகேசன் வந்தாச்சு!"

ஐயோ! நாக்கைக் கடித்துக்கொண்டேன். கூடமே சிரித்தது. "இன்னாடி, என் பேரு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டே அவர் கண்ணைத் துடைத்தார்.

அடுத்த வாரம் முதல் செல்வியை இடப்பக்கம் உட்காரவைத்தேன். ஒருநாளும் சொல்லாத பெயர் வந்துவிட்டது. தினமும் சொன்னது முரண்டு பிடிக்கிறது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், சொல்லை எடுத்துக் கொடுக்காதீர்கள். காத்திருங்கள். அங்கன்வாடிப் பிள்ளைகள் திக்கும்போது நான் காத்திருந்ததில்லை. ஒரு சொல் தொண்டை ஏறி வர எவ்வளவு நேரமாகும் என்று இப்போது தெரிகிறது.

போன சனிக்கிழமை, அவள் தோளில் தாளம் தட்டித் தட்டி இழுத்ததில் "செ..." என்று வந்தது.

செல்வி கட்டிக்கொண்டாள். "போதும்மா. இனிமே 'செ'ன்னே கூப்புடு."

போதாது என்று தலையாட்டிவிட்டு, மறுபடியும் தட்டத் தொடங்கினேன்.