யார் வீட்டுக் கல்யாணம்?

எங்கள் குடும்பத்தில் ஒரு சட்டம் உண்டு. கல்யாணப் பத்திரிகை வந்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். கொடுப்பவர் யாரென்று தெரியாவிட்டாலும் தெரிந்த மாதிரி சிரிக்க வேண்டும். நாங்கள் வளர்ந்த எஸ்டேட் கலைந்தபோது, ஒரே லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் கிள்ளான், செராஸ், சுபாங் ஜெயா என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். அவர்களில் யாரோ ஒருவர் இத்தனை வருஷம் கழித்து நம்மை நினைவு வைத்துக் கூப்பிடுகிறார். அவரைப் பார்த்து "நீங்க யாரு?" என்று கேட்டால் முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிடும். அதனால் கேட்க மாட்டோம். மண்டபத்துக்குப் போய், மொய் எழுதி, சாப்பிட்டு, காரில் திரும்பும்போதுதான் அது யார் வீட்டுக் கல்யாணம் என்று எங்களுக்குள் விசாரணை நடக்கும்.

இந்தச் சட்டம்தான் போன வருஷம் என் அண்ணனைக் கவிழ்க்கப் பார்த்தது.

அண்ணன் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணம் முழுவதையும் எடுத்து ஒரே கணக்கில் போட்டு வைத்திருந்தார், மகள் கல்யாணத்துக்காக. மண்டபம் பேசியாகிவிட்டது, சமையலுக்கு ஆள் பார்த்தாகிவிட்டது, நகை பாக்கி இருந்தது. எல்லாமே அந்தக் கணக்கிலிருந்துதான் வர வேண்டும். நான் பெண்ணுக்கு அத்தை. கூறைப்புடவைக்கு ரவிக்கை என் கையால்தான் தைப்பேன் என்று துணியைப் பிடுங்கி வைத்திருந்தேன்.

அன்று காலை பிரிக்ஃபீல்ட்ஸில் என் தையல் கடையில் வாடிக்கையாளர் ஒருவருக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு குஷி.

"பாப்பா, கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருக்காங்க. வாட்ஸ்அப்ல கார்டு வந்திருக்கு. யாருன்னுதான் தெரியல. உனக்குத் தெரியுமான்னு கேக்கலாம்னு."

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவருக்கு இன்னும் பாப்பாதான்.

"மாப்பிள்ளை பேரு என்ன போட்டிருக்கு?"

"அதான் வரமாட்டேங்குது லா. தொட்டேன், என்னமோ ஆப் போடணும்னு கேட்டுச்சு, போட்டேன். மெசேஜ் எல்லாம் படிக்கலாமான்னு கேட்டுச்சு, சரின்னு அமுக்கினேன். கேட்டதுக்கெல்லாம் சரின்னு அமுக்கிட்டேன். இன்னும் கார்டு தொறக்கல."

கொஞ்ச நாள் முன்புதான் எங்கள் கோவில் பெண்கள் குழுவில் இதைப் பற்றி எச்சரிக்கை வந்திருந்தது. கார்டு என்று வருவது கார்டே இல்லை, ஒரு திருட்டு ஆப். ஃபோனுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, பேங்க் அனுப்பும் ரகசிய எண்ணை நமக்கு முன்னால் அதுவே படித்துக்கொள்ளும்.

"அண்ணே, அந்த ஃபோன ஒடனே ஆஃப் பண்ணு."

"ஆஃப் பண்ணிட்டா உங்கிட்ட எப்படிப் பேசறது?"

"பேச வேணாம். அண்ணி ஃபோன்லேர்ந்து கூப்பிடு."

"உங்கண்ணி பாசாருக்குப் போயிட்டா. இரு இரு, பேங்க்லேர்ந்து ஏதோ நம்பர் வந்திருக்கு. படிக்கட்டா?"

"படிக்காத. ஆஃப் பண்ணு" என்று நான் போட்ட சத்தத்தில், அளவு கொடுத்துக்கொண்டிருந்த அக்கா தூக்கிய கைகளைத் தானாக இறக்கிவிட்டார். லைன் அறுந்தது.

அண்ணியைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் ஃபோன் எப்போதும் பைக்கு அடியில், காய்கறிக்குக் கீழே கிடக்கும். அண்ணன் கணக்கை நான் முடக்க முடியாது, அவரேதான் பேங்கில் பேச வேண்டும். அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்டு, கடையைப் பூட்டி, ஸ்டேஷனுக்கு ஓடிக் கிள்ளான் ரயிலைப் பிடித்தேன். ரயில் போய்ச் சேருவதற்குள் பணமும் போய்ச் சேர்ந்துவிடும் என்று தெரியும். ஆனாலும் சும்மா நிற்க முடியவில்லை.

ரயில் கிளம்பியதும் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. வெட்டினேன். மறுபடி வந்தது. அண்ணன் ஃபோனிலிருந்து என் நம்பரை எடுத்துவிட்டார்கள், இப்போது என் பக்கம் வருகிறார்கள் என்று நினைத்து மறுபடி வெட்டினேன். விடாமல் அடிக்கவே, இரண்டு வார்த்தை திட்டலாம் என்றுதான் எடுத்தேன்.

"ஏன் லா கட் பண்ற?"

அண்ணன் குரல்தான். ஆனால் குரலைக்கூட இப்போது கம்ப்யூட்டரில் செய்துவிடுகிறார்கள் என்று அதே கோவில் குழுவில் போட்டிருந்தார்கள்.

"நீங்க யாரு?" என்றேன்.

"என்னது?" என்றார்.

"சின்ன வயசுல எங்கண்ணன் என் காதுல எதைப் போட்டாரு? அதைச் சொன்னாத்தான் பேசுவேன்."

"புளியங்கொட்டை. அதுக்கு இப்ப என்ன? பக்கத்து வீட்டுச் சீன ஆன்டிகிட்ட ஃபோன் வாங்கிப் பேசறேன், என்னையே யாருங்குற?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் என்னுடையது. அதற்கு வந்த அழைப்பைத்தான் நான் வெட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

"பேங்க் கார்டை எடு. பின்பக்கம் ஒரு நம்பர் இருக்கும். அதுக்குக் கூப்பிட்டுக் கணக்கைப் பூட்டச் சொல்லு. வேற எந்த நம்பரும் வேணாம்."

கொஞ்ச நேரத்தில் மறுபடி கூப்பிட்டார். "பாப்பா, ஐசி நம்பர் கேக்கறாங்க. நான் குடுக்கலயே. ஃபோன வெச்சிட்டேன்" என்றார் பெருமையாக.

எனக்கு வந்த கோபத்தில் ரயிலைத் தள்ளியே கிள்ளானுக்குக் கொண்டுபோயிருப்பேன். திருடன் கேட்டதற்கெல்லாம் சரி என்று அமுக்கியவர், பேங்க் அடையாள அட்டை எண்ணைக் கேட்டால் கொடுக்க மாட்டாராம். "அவங்களா கூப்பிட்டாதான் சொல்லக் கூடாது. கார்டுல உள்ள நம்பருக்கு நீயா கூப்பிட்டா ஐசி சொல்லலாம். பாஸ்வேர்டும் அந்த மெசேஜ் நம்பரும் மட்டும் யாருக்கும் கிடையாது. போ, திரும்பக் கூப்பிடு."

சுபாங் ஜெயா தாண்டியது. மண்டபம், நகை, கல்யாணப் பெண்ணின் முகம் எல்லாம் மாறி மாறி வந்தன. எதிரே இருந்த மலாய்க்கார அம்மா என் கழுத்தையே பார்த்தார். குனிந்து பார்த்தால் அளவு டேப் மாலை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அப்போது ஃபோன் அடித்தது.

"பூட்டிட்டாங்க பாப்பா. எவனோ பணத்த வெளிய அனுப்பப் பாத்திருக்கான். போறதுக்குள்ள நிறுத்திட்டாங்க. எல்லாம் அப்படியே இருக்கு."

எழுந்து நின்றுவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை, உட்கார்ந்து கேட்கிற செய்தியாக அது இல்லை. மலாய்க்கார அம்மா என்ன விஷயம் என்று கேட்டார். எங்கள் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் என்று மலாயில் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கிள்ளானில் வீட்டுக்குள் நுழைந்தால், அண்ணி பாசார் பையைக்கூட இறக்காமல் தன் ஃபோனை என்னிடம் நீட்டினார். "உங்கண்ணன் எனக்கே கல்யாணப் பத்திரிகை அனுப்பியிருக்காரு பாரு. யாருக்குக் கல்யாணம், அவருக்கா?" நல்ல வேளை, அவர் அதைத் திறக்கவில்லை.

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. அந்த ஆப் அவர் பெயரிலேயே ஃபோனில் இருந்த அத்தனை பேருக்கும் கார்டு அனுப்பியிருந்தது. "நம்ம ஆளுங்க பாப்பா. யாருன்னு கேக்கவே மாட்டாங்க. தொறந்துடுவாங்க."

உடனே உட்கார்ந்தோம். அவர் ஃபோனில் சிம்மை உருவி, வைஃபையை அணைத்து, நம்பர்களை மட்டும் பார்த்து என் ஃபோனிலும் அண்ணி ஃபோனிலும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம். தொடாதீங்க, அழிச்சிடுங்க, வீட்டுல எல்லாருக்கும் சொல்லுங்க. பாதி வரைக்கும் அமுக்கியிருந்தவர்களை உடனே பேங்கைக் கூப்பிடச் சொன்னோம். பலர், "அப்ப நிஜமாவே வீட்டுல கல்யாணம் இல்லயா?" என்று ஏமாற்றத்தோடு கேட்டார்கள். "இருக்கு, மகளுக்கு. நேரா வந்து கூப்பிடறேன்" என்றார் அண்ணன். பேசப் பேச அவர் குரலுக்கு உயிர் வந்தது. சாயங்காலம் போலீஸில் புகார் கொடுத்தோம்.

கல்யாணம் நடந்தது. மண்டப வாசலில் அண்ணன் நிற்க, பக்கத்தில் நான் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தேன். தலை நரைத்த ஒருவர் வந்தார். யாரென்று தெரியாத இடத்தில் நாங்கள் எல்லோரும் சிரிக்கிற அதே சிரிப்பு. பதிலுக்குச் சிரிக்க நான் தயாரானேன். அண்ணன் கைகூப்பினார்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணே. நீங்க யாரு?"

பன்னீர்ச் செம்பு என் கையிலிருந்து நழுவப் பார்த்தது. வந்தவர் ஒரு நொடி திகைத்தார். பிறகு அவர் முகம் அப்படி மலர்ந்தது.

"எத்தனையோ கல்யாணத்துக்குப் போறேன், ஒருத்தரும் கேட்டதில்ல" என்றார். "உங்க லயத்துலதான் இருந்தோம். நீங்க ஃபோன் பண்ணி எச்சரிச்ச ஆளுங்க சொல்லித்தான் இந்தக் கல்யாணமே தெரிஞ்சுது. உங்க வீட்டுப் பாப்பா காதுல புளியங்கொட்டை மாட்டிக்கிட்டப்ப, எங்கப்பாதான் சைக்கிள்ல வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாரு. அந்தப் பாப்பா நல்லா இருக்கா?"

அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்து அவர் முன்னால் நிறுத்தினார்.