தராசைத் திருத்தியவர்

எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். அவர் யோசித்ததையெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் நிலாவைத் தொட்டுவிட்டு வரலாம். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் எட்டும். அதுவும் பொய்யில்லாத உயரம்தான்.

தராசு பழுதுபார்ப்பது அவர் தொழில். ஆலைகளில் ஏணி ஏறி, மாவு நிறுக்கும் பெரிய தொட்டிகளின் முள்ளைச் சரிபார்ப்பார். ஊரார் எடையெல்லாம் அவருக்கு அத்துப்படி. சொந்த வயிறு மட்டும் கேட்பாரில்லாமல் வளர்ந்தது. ஒருநாள் கம்பெனி அறிவித்தது: ஏணி தாங்கும் எடையைத் தாண்டியவருக்கு இனி வெளிவேலை கிடையாது, பண்டகசாலையில்தான் வேலை. அவகாசம் ஆறு மாதம். பண்டகசாலைக்கு அதிகாரி யார்? மனைவியின் தம்பி. கல்யாணத்தன்று மூக்கு ஒழுக இவர் மடியில் தூங்கிய பயல். அவனுக்குக் கீழே கைகட்டி நிற்பதா?

நடங்கள், போதும் என்றார் டாக்டர். சும்மா நடந்துவிட முடியுமா? காலையிலா, மாலையிலா? சாப்பிடுவதற்கு முன்பா, பிறகா? ஷூ வாங்கினால், இளைத்தபின் பாதமும் சுருங்கி அது தொளதொளத்துப் போகுமோ? ஓட்ஸை ஊறவைப்பதா, வேகவைப்பதா என்று அவர் முடிவெடுப்பதற்குள் அந்தப் பொட்டலத்தில் வண்டுகள் குடித்தனம் வந்து பேரன் பேத்தி எடுத்துவிட்டன. எல்லாவற்றுக்கும் மேலாக, தொடங்கும் எடை சரியாகத் தெரியவேண்டாமா? வீட்டுத் தராசைக் கழற்றினார். சாப்பாட்டு மேசையில் ஸ்பிரிங், சர்க்கரை டப்பா மூடியில் திருகாணிகள். யோசித்தால் பசிக்குமே, ஒரு கையில் ஸ்குருடிரைவர், மறு கையில் ஜாம் தடவிய ரொட்டி.

"முதல்ல தெருமுனை வரைக்கும் போய்ட்டு வாங்க. அப்புறம் யோசிக்கலாம்" என்றாள் மனைவி.

"தப்பான எடையில ஆரம்பிச்சா எல்லாமே தப்பாயிடும். உனக்கு இதெல்லாம் புரியாது."

ஆறு மாதம் ஓடியது. அந்த வீட்டில் ஓடியது அது ஒன்றுதான்.

சோதனை நாளன்று கம்பெனி மருத்துவ அறையில் எடை மேடைமேல் ஏறினார். முள் ஏணி தாங்கும் எடைக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றது. வேறு யாராவது என்றால் குலதெய்வத்தைக் கும்பிட்டுவிட்டு நழுவியிருப்பார்கள். இவர் முகம் சுண்டிப்போயிற்று.

"அதெப்படிக் குறையும்? நான்தான் ஒண்ணுமே செய்யலையே."

பையிலிருந்த சோதனை எடைக்கற்களை எடுத்து மேடையில் வைத்துப் பார்த்தார். அது இரண்டு கிலோ குறைத்துக் காட்டியது. காட்டிவிட்டுப் போகட்டும் சார், எழுதியாயிற்று என்று நர்ஸம்மா கெஞ்சியும் கேட்கவில்லை. முள்ளைத் திருகிச் சரிசெய்துவிட்டு, தானே மறுபடி ஏறி நின்றார். முள் கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது யானை மட்டும்தான் என்று யார் சொன்னது?

இப்போது மச்சினனுக்குக் கீழே பண்டகசாலையில் இருக்கிறார். உட்கார்ந்து உட்கார்ந்து பூசணிக்காயாக உருண்டுகொண்டிருக்கிறார் என்று நான் கதையை முடிக்கப்போனேன். என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி குறுக்கே புகுந்தாள்.

"பூசணிக்காயும் இல்ல, புடலங்காயும் இல்ல, பெரியம்மா. என் தம்பி, 'அத்தான், இதை மேல குடுங்க, அதைக் கீழ கொண்டாங்க'ன்னு நாள் முழுக்க அவரை மாடிப்படி ஏறி இறங்க வைக்கிறான். பெல்ட்டுல நானே புதுசா ரெண்டு ஓட்டை போட்டிருக்கேன். இது அவர் காதுக்கு மட்டும் போகவேணாம். எப்படி இளைச்சோம்னு யோசிக்க உக்காந்துடுவார்."