கதை மாமாவுக்கு ஜெயம்மா போட்ட மாலை

ஜெயம்மா போய்விட்டாள்.

காலையில் அவள் மகள் திருப்பதியிலிருந்து போன் பண்ணினாள். காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவள், அப்படியே போய்விட்டாளாம்.

என் ஃப்ரெண்ட்ஸ் லிஸ்டில் அவளைத் தெரிந்தவர் ஒருத்தரும் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

திருத்தணியில் நாலாம் கிளாஸ் ஒரே பெஞ்சு. யுத்த காலம். அவள் நைனா மலைப்படி ஓரத்தில் பூ விற்பவர், வீட்டில் தெலுங்கு. என் அப்பாவுக்கு ஸ்டேஷன் பக்கத்தில் சைக்கிள் ரிப்பேர் கடை.

எங்கள் வாத்தியார் மாதா மாதம் மெட்ராஸிலிருந்து வரும் சிறுவர் பத்திரிகையைக் கிளாசில் வாசித்துக் காட்டுவார். அதில் கதை எழுதுகிறவருக்கு நாங்கள் வைத்த பெயர் கதை மாமா. அவர் கதை வரும் நாளில் ஒரு பயல் லீவு போடமாட்டான்.

ஒரு வருஷம் கதை மாமாவின் பிறந்த நாளைக் கிளாசிலேயே கொண்டாடலாம் என்றார் வாத்தியார். பெஞ்சுக்கு ஒரு கதை. சிலர் களிமண்ணில் பொம்மை செய்தார்கள், சிலர் பலகையில் படம் போட்டார்கள். எங்கள் பெஞ்சு, ரயில் ஏறின கழுதையின் கதையை நடித்துக் காட்ட வேண்டும். ஜெயம்மாதான் கழுதை. கத்திப் பழகுகிறேன் என்று ஒரு வாரம் தெருவையே இரண்டு பண்ணினாள்.

பத்திரிகையில் வந்திருந்த அவர் போட்டோவை வாத்தியார் அட்டையில் ஒட்டி வைத்திருந்தார். மேஜை அலங்காரமும் ஜெயம்மா பொறுப்புதான். பூக்காரர் மகளாச்சே.

அன்றைக்கென்று பார்த்து வாத்தியார் வரும் அரக்கோணம் பாசஞ்சர் லேட். அதற்குள் இவள் ஜோராக வேலையை முடித்துவிட்டாள். போட்டோவுக்குப் பெரிய சாமந்தி மாலை, நெற்றியில் குங்குமம், முன்னால் அகல் விளக்கு, ஊதுவத்தி...

அவள் மேல் என்ன தப்பு, சொல்லுங்கள்? எங்கள் மாதிரி வீடுகளில் அப்போது சுவரில் படம் என்றால் ஒன்று சாமி, இல்லாவிட்டால் செத்துப்போனவர்கள். இரண்டுக்கும் மாலை உண்டு, பொட்டு உண்டு. பிடித்த மனுஷருக்குக் குறையில்லாமல் செய்வோம் என்று செய்தாள்.

ஹெட்மாஸ்டர் ரவுண்ட்ஸ் வந்தார். படத்தைப் பார்த்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார்.

யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுவிட்டால் அவர் ஹெட்மாஸ்டர் இல்லையே! மணியடித்து மொத்தப் பள்ளிக்கூடத்தையும் வரிசையில் நிறுத்தி, தலை குனியச் சொல்லி, குழந்தைகளின் துக்கத்தைப் பற்றிப் பேசினார். எங்களுக்கும் அழுகை வந்துவிட்டது. அப்புறம் லீவு என்றார். அழுதுகொண்டே ஓடினோம்.

ஸ்டேஷனிலிருந்து வந்துகொண்டிருந்த வாத்தியார் வழியில் எங்களைப் பார்த்து மிரண்டுபோனார். கதை மாமா செத்துட்டாரு சார் என்றோம். அவர் எங்களையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்.

ஹெட்மாஸ்டருக்கு மானம் போய்விட்டது. அந்தக் கோபம் முழுக்க ஜெயம்மா தலையில் இறங்கியது.

"உயிரோட இருக்கிற மனுஷனுக்கு மாலையைப் போட்டு விளக்கேத்திட்டியே... அவருக்கு ஏதாவது ஆனா நீதானே பொறுப்பு?"

ஒன்பது வயசுப் பிள்ளையிடம் சொல்கிற பேச்சா இது? இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த மாதம் பத்திரிகை வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. காகிதத் தட்டுப்பாடு, யுத்தம் முடிந்தால் சரியாகும் என்று வாத்தியார் எவ்வளவோ சொன்னார். ஜெயம்மா காதில் ஏறவில்லை.

"நான்தான்டி அவர சாவடிச்சிட்டேன்" என்றாள் என்னிடம்.

சோறு சரியாக இறங்கவில்லை. எதையோ பார்த்துப் பயந்திருக்கிறாள் என்று வீட்டில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். வாயே திறக்கவில்லை. ஒரு சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு மலையேறினாள். கதை மாமா நல்லபடியாக இருந்தால் மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டாள். இடுப்பு வரை முடி அவளுக்கு. அவள் அம்மா தினமும் பூ வைத்துப் பின்னிவிடுகிற முடி.

பிறகு ஒருநாள் ஸ்டேஷன் எதிரே பெட்டிக்கடையில் பத்திரிகை தொங்கியது. மட்டக் காகிதம், பக்கங்களும் பாதிதான். பாய்ந்து எடுத்துப் புரட்டினாள். கதை மாமாவின் புதுக் கதை இருந்தது. கடைசியில் சந்தாதாரர்களுக்கு அவரே எழுதிய நாலு வரியும் இருந்தது.

"கீறாருடி... உயிரோட கீறாரு."

அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நான்தான் அடித்துவிட்டேன் என்று கடைக்காரர் என்னைத் திட்டினார்.

அடுத்த வாரம் சந்தனம் பூசிய மொட்டையோடு வந்தாள். வேண்டுதல் என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறாள், எதற்கு என்று சொல்லவில்லை. பையன்கள் தலையில் தட்டினார்கள், மொட்டை மொட்டை என்று பின்னாலேயே வந்தார்கள். அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். அந்த மாதமே வாத்தியார் எங்கள் நாடகத்தைப் போட வைத்தார். மொட்டைக் கழுதை... ஹெட்மாஸ்டரே சிரித்துவிட்டார்.

கல்யாணமாகி அவள் திருப்பதி போனாள். நான் மெட்ராஸ்.

கதை மாமா அதன் பிறகு எத்தனையோ வருஷம் எழுதினார். நாங்கள் பேரன் பேத்தி எடுத்த பிறகுதான் போனார், நல்ல வயசு. அன்றைக்குக் காலையிலேயே ஜெயம்மாவிடமிருந்து போன்.

"பேப்பர் பாத்தியாடி? கதை மாமா போய்ட்டாரு." அப்புறம் சொன்னாள், "இந்த வாட்டி நான் ஒண்ணும் பண்ணலடி."

இரண்டு பேரும் சிரித்தோம். போனை வைக்கும்போது அவள் அழுதுகொண்டிருந்தாள்.

முட்டி வலி... திருப்பதி வரை என்னால் போக முடியாது. இதைத்தான் செய்ய முடிந்தது.

போய்ட்டு வாடி ஜெயா. அங்கே கதை மாமா இருந்தா பக்கத்துல போய் உக்காரு. பயப்படாத... அவர் ஒண்ணும் சொல்லமாட்டாரு.